பாதியில் டாக்டர் மாறினால் பல் என்ன செய்யும்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய 14 வயது மகளுக்குப் பொள்ளாச்சியில் பல் கம்பி போட்டு 11 மாதம் ஆகிறது. மேல் வரிசையில் இரண்டு பல்லை எடுத்துவிட்டு, அந்த இடைவெளிக்குள் முன்பற்களைப் பின்னால் இழுக்கும் சிகிச்சை. மாதம் ஒரு முறை கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் போய்க் கம்பியைச் சரிசெய்து வந்திருக்கிறார்கள். இப்போது அந்த டாக்டர் கிளினிக்கைக் காலி செய்துவிட்டு வெளிநாடு கிளம்புகிறார். பாலக்காட்டில் பார்த்த புது டாக்டரோ, பல்லில் ஒட்டியிருக்கிற பிராக்கெட் (கம்பியைப் பிடித்து வைக்கும் சின்னத் துண்டு) எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும் என்கிறாராம். "அப்போ பதினொரு மாசமும் வீண்தானுங்களா? நடுவுல ஒரு மாசம் தள்ளிப்போனா பல்லு பழைய இடத்துக்கே போயிடுமா? காசுக்காகச் சொல்றாங்களோன்னும் தோணுது" என்று எழுதியிருக்கிறார்.

அவருக்குப் பதில் சொல்ல, பல் எப்படி நகர்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கம்பி இழுக்கிறது, பல் எலும்பைத் தள்ளிக்கொண்டு போகிறது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. அதை முதன்முதலாகப் படித்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பல் எலும்பில் நேராக ஊன்றி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. அந்த நார்கள்தான் பல்லை ஊஞ்சல் கயிறு போலத் தாங்கிப் பிடிக்கின்றன. அதற்குள்ளேயே ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. கம்பி மெல்ல அழுத்தும்போது, பல் போக வேண்டிய பக்கத்தில் இந்தப் படலம் நசுங்குகிறது, எதிர்ப்பக்கத்தில் விரிகிறது. நசுங்கிய பக்கம் ரத்த ஓட்டம் குறைகிறது. அங்கிருக்கும் செல்கள் இதை உணர்ந்து வேதிச் சேதிகளை அனுப்புகின்றன. இரண்டு நாள் போல ஆனதும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் வேலைக்கு வந்துவிடுகின்றன.

இந்த ஆஸ்டியோகிளாஸ்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரத்தத்திலிருந்து வரும் சின்னச் செல்கள் பல ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய செல்லாகின்றன. அது எலும்பின்மேல் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல உட்கார்ந்து, விளிம்பைக் கசிவில்லாமல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அந்த மூடிய இடத்துக்குள் அமிலத்தைச் சுரக்கிறது. நம் வயிற்றில் சுரக்கும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். எலும்பின் சுண்ணாம்புச் சத்து கரைகிறது. மிச்சமிருக்கும் கொலாஜன் நாரை ஒரு நொதி வெட்டித் தள்ளுகிறது. விளிம்பு ஒட்டியிருப்பதால் அமிலம் பக்கத்துத் திசுவுக்குப் போவதில்லை. ஓர் இடம் முடிந்ததும் செல் நகர்ந்து அடுத்த இடத்தில் கவிழ்கிறது. இப்படிக் குழி குழியாக எலும்பு கரையக் கரையப் பல்லுக்கு வழி கிடைக்கிறது. எதிர்ப்பக்கத்தில் விரிந்த நார்களின் ஓரத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் வேறு வகைச் செல்கள் புது எலும்பைப் பூசிக்கொண்டே வருகின்றன.

ஆழியாற்றுத் தண்ணீர் எல்லை தாண்டிச் சித்தூர்ப்புழாவாக ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வளைவில் ஒரு கரை அரிக்கிறது, எதிர்க்கரையில் மணல் சேர்கிறது, சில வருடத்தில் ஆறே தள்ளிப் போயிருக்கிறது. பல்லும் அப்படித்தான், மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். எடுத்த பல்லின் இடம் 7 மில்லிமீட்டர் இருந்தால், அது மூட அரை வருடத்துக்கு மேல் ஆவது இதனால்தான்.

"இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. அழுத்தம் அதிகமானால் நார்ப்படலத்தின் ரத்தக் குழாய்கள் முழுக்க அடைபடுகின்றன. அந்த இடத்துச் செல்கள் இறந்துபோகின்றன. நுண்ணோக்கியில் கண்ணாடி மாதிரி வெறுமையாகத் தெரியும். 1904இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பற்களை நகர்த்திப் பார்த்து இதை விவரித்தார். செத்த இடத்தில் ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாக முடியாது. அது எலும்பின் உட்புறத்திலிருந்து சுரங்கம் தோண்டி வர வேண்டும். அதுவரை பல் நகராது, வலி மட்டும் இருக்கும், வேர் நுனி கரையும் ஆபத்தும் கூடும். ஒரு பல்லைச் சாய்க்க 50 கிராம் அளவு விசை போதும். அந்த விசை நின்று நிதானமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நிதானத்தைக் கொடுப்பது நிக்கல்-டைட்டானியம் கம்பி. அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்றில் வில்லியம் ப்யூலர் உருவாக்கிய உலோகக் கலவை இது. 1970களில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். நண்பர் ஒருவரின் கிளினிக்கில் இந்த வகைக் கம்பி ஒன்றை ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டுக் காட்டினார்கள். விரலில் சுற்றினால் நூல் போலத் துவண்டு நின்றது. பக்கத்திலிருந்த சுடுதண்ணீரில் முக்கியதும் துள்ளிக் குதிரைலாட வடிவத்துக்குத் திரும்பிவிட்டது. வாய்ச்சூட்டில் வாரக்கணக்காக இதே வேலையைத்தான் அது மெதுவாகச் செய்கிறது.

சரி, வாசகியின் கேள்விக்கு வருவோம். ஒரு மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகும்? கம்பி வாயில் இருக்கும்வரை பல் பழைய இடத்துக்கு ஓடாது. விசை தீர்ந்த கம்பி பல்லை நகர்த்தாது, ஆனால் இருந்த இடத்தில் பிடித்து வைக்கும். கவலைப்பட வேண்டியது கம்பியைக் கழற்றிவிட்டுச் சும்மா இருந்தால்தான். எலும்பைக் கரைக்கச் சில வாரம் போதும்; பின்னால் பூசிய எலும்பு இறுகப் பல மாதம் வேண்டும். அந்த இடம் இன்னும் ஈரச்சுவர் மாதிரி. ஈறின் நார்களோ பழைய இடத்தை மறக்க ஒரு வருடம்கூட எடுத்துக்கொள்கின்றன. அதனால் புது டாக்டரின் நாற்காலியில் உட்காரும்வரை எதையும் கழற்ற வேண்டாம். ஒன்றை மட்டும் இந்த வாரமே கேளுங்கள்: இழுப்பதற்கு ஸ்பிரிங் மாட்டியிருக்கிறதா, ரப்பர் சங்கிலியா? ரப்பர் முதல் நாளிலேயே பாதி வலுவை இழந்துவிடும். நிக்கல்-டைட்டானிய ஸ்பிரிங் யாரும் பார்க்காவிட்டாலும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பிராக்கெட்டை மாற்றச் சொல்வது காசுக்காகத்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பிராக்கெட்டின் நடுவில் கம்பி உட்காரும் ஒரு பள்ளம் இருக்கிறது. உலகில் அதற்கு இரண்டு அளவுகள் புழங்குகின்றன: 0.018 அங்குலம், 0.022 அங்குலம். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர்தான். எட்வர்ட் ஆங்கிள் 1928இல் கொண்டுவந்த பள்ளம் 0.022, அன்றைக்குத் தங்கக் கம்பி. விறைப்பான எஃகுக் கம்பி வந்தபின் சின்னப் பள்ளமும் வந்தது. சின்னப் பள்ளத்துக்கான கம்பி பெரிய பள்ளத்தில் லொடலொடவென்று ஆடும். பல்லின் வேரை அதனால் திருப்ப முடியாது. போதாக்குறைக்கு, லாரன்ஸ் ஆண்ட்ரூஸ் 1970களில் காட்டிய வழியில், ஒவ்வொரு பல்லுக்கும் எவ்வளவு சாய்வு வேண்டும் என்பது பிராக்கெட்டிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சாய்வுக் கணக்கில் ராத், எம்பிடி என்று வெவ்வேறு முறைகள் உண்டு: மேல் வரிசை நடு முன்பல்லுக்கு ராத் முறையில் 12 டிகிரி, எம்பிடி முறையில் 17 டிகிரி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வாயில் எது இருக்கிறது என்று தெரியாத டாக்டர், தான் அறிந்ததை ஒட்டிக்கொள்ள நினைப்பது நியாயமே. அளவும் முறையும் எழுத்தில் கிடைத்து, அதுவே அவர் பயன்படுத்துவதாகவும் இருந்தால், மாற்றாமலே தொடரலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

மாற்றினாலும் 11 மாதம் வீணாகாது. பிராக்கெட் வெறும் கைப்பிடி; நகர்ந்த பல்லும் அதன் பின்னால் பூசிய எலும்பும் எங்கும் போகவில்லை.

கடிதத்தின் கடைசியில் அம்மிச்சியின் பயம் ஒன்றும் இருந்தது: மேல் பல்லைப் பிடுங்கியதால் பேத்தியின் கண் மங்கிவிடுமோ என்று. இந்தப் பயத்தால் சொத்தைப் பல்லோடு வருடக்கணக்கில் வலி தாங்கும் பெரியவர்களை எல்லைக்கு இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படும். மேல் பற்களின் உணர்வு ஐந்தாவது மூளை நரம்பின் கிளையில் போகிறது. பார்வை இரண்டாவது நரம்பில். பல்லை எடுப்பதால் பார்வை நரம்புக்கு ஒன்றும் ஆகாது. அம்மிச்சியிடம் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லுங்கள். அதேபோல, பல்லை வேகமாக நகர்த்தும் என்று விற்கப்படும் அதிர்வுக் கருவிகளுக்கும் பணம் தர வேண்டாம். சோதனைகளில் நம்பத்தக்க பலன் தெரியவில்லை. அந்தப் பணமும் அக்கறையும் நம் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் எலும்புச் செல் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

பொள்ளாச்சியில் கேட்டு வாங்க வேண்டியவை: பிராக்கெட்டின் பள்ள அளவும் முறையும், இதுவரை போட்ட கம்பிகளின் விவரம், ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரேக்கள், போட்டோக்கள், சிகிச்சைத் திட்டம். முன்பல் எவ்வளவு பின்னால் போக வேண்டும், கடைவாய்ப் பல் எவ்வளவு முன்னால் வரலாம் என்பது அந்தத் திட்டத்தில்தான் இருக்கும். முன்பல்லைப் பின்னால் இழுக்கும்போது, பிடிமானமாக நிற்கும் கடைவாய்ப் பல்லையும் எதிர்விசை முன்னால் இழுக்கும் அல்லவா? அதைத் தெரியாமல் மூடினால் இடைவெளி தப்பான பக்கத்திலிருந்து அடைந்துவிடும். அப்புறம், முதல் நாள் எடுத்த அச்சில் வார்த்த மாவுக்கட்டுப் பல் வரிசை ஒன்று, மகளின் பெயர் எழுதிய அட்டைப்பெட்டியில் அங்கே அலமாரியில் இருக்கக்கூடும். கிளினிக்கைக் காலி செய்வதற்குள் அதையும் கையோடு வாங்கிவிடுங்கள்.