அலைக்கற்றையைப் பிரிப்பது யார், விலை வைப்பது யார்?

போனில் 5ஜி என்று காட்டும், வீட்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் இறங்கிவிடும். டவர் போதவில்லை என்போம், பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் அந்த டவர் எந்த அலைவரிசையில் வேலை செய்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம், அதைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. சிக்னலைச் சுமக்கும் இந்த ரேடியோ அலைவரிசைகளைத்தான் மொத்தமாக அலைக்கற்றை என்கிறோம்.

700 மெகாஹெர்ட்ஸ் மாதிரி குறைந்த அலைவரிசை வெகுதூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளேயும் வரும். அதனால் ஒரே டவர் நாலைந்து ஊரைக்கூடப் பார்த்துக்கொள்ளும். 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால் வேகம் அள்ளிக் கொடுக்கும், ஆனால் எட்டும் தூரம் குறைவு. 26 கிகாஹெர்ட்ஸ் என்றால் நடுவில் ஒரு சுவர் இருந்தாலே திணறும். கிராமத்துக்கு முதல் வகைதான் வேண்டும்.

பிரிக்கும் வேலை மேலிருந்து தொடங்குகிறது. ஐ.நா.வின் கீழ் ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறது, இந்தியா மூன்றாவதில் வருகிறது. மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லா நாடுகளும் கூடி எந்த அலைவரிசை மொபைலுக்கு, எது செயற்கைக்கோளுக்கு, எது விமானத்துக்கு என்று பேசி முடிவெடுப்பார்கள். கடைசியாக 2023-ல் துபாயில் கூடினார்கள். அந்த முடிவுகளை வைத்துத்தான் நம் தொலைத்தொடர்புத் துறையில் இருக்கும் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவு, தேசிய அலைவரிசை ஒதுக்கீட்டுத் திட்டம் என்ற பெரிய அட்டவணையைத் தயாரித்து அவ்வப்போது திருத்துகிறது.

அட்டவணையில் மொபைல் என்று எழுதிவிட்டால் அந்த இடம் காலியாகிவிடாது. ராணுவம், இஸ்ரோ, ஒளிபரப்பு நிறுவனங்கள் என்று ஏற்கெனவே பயன்படுத்துபவர்களோடு பேசி இடத்தை வாங்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சல் வருமா என்றும் பார்க்க வேண்டும். விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, 5ஜி அதற்குக் கொஞ்சம் கீழே 3300 முதல் 3670 வரை. அதனால் 2022 நவம்பரில் இந்திய விமான நிலையங்களில் ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டர் வரை, நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டர் வரை அந்த அலைவரிசையில் 5ஜி டவர் வைக்கக்கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்குச் சொன்னது.

அப்புறம் விலை. நாட்டை 22 தொலைத்தொடர்பு வட்டமாகப் பிரித்து ஏலம் விடுகிறார்கள். சென்னையும் புதுச்சேரியும் தமிழ்நாடு வட்டத்துக்குள்தான். ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு அலைவரிசைக்கும் அடிப்படை விலை எவ்வளவு என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைக்கும், மத்திய அரசு முடிவெடுக்கும். இந்த ஒரு எண் தப்பானால் என்ன ஆகும் என்பதற்கு 700 மெகாஹெர்ட்ஸ்தான் உதாரணம்.

2016 ஏலத்தில் அந்த அலைவரிசையில் ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள துண்டுக்கு, நாடு முழுவதற்கும் சேர்த்து 11,485 கோடி ரூபாய் என்று வைத்தார்கள். குறைந்தது 5 மெகாஹெர்ட்ஸ் எடுக்க வேண்டும், அப்படியென்றால் நாடு முழுக்க வேண்டுபவர் 57,425 கோடி தர வேண்டும். ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. 2021-ல் ஒரு மெகாஹெர்ட்ஸ் விலையை 6,568 கோடியாக்கினார்கள், அப்போதும் யாரும் வரவில்லை. 2022-ல் 3,927 கோடிக்கு இறக்கிய பிறகுதான் ஜியோ 22 வட்டத்திலும் 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. கிராமத்துக்கு மிகவும் பொருத்தமான அலைவரிசை கிட்டத்தட்ட ஆறு வருடம் விலை போகாமல் கிடந்தது. அலைக்கற்றையைச் சேர்த்து வைத்து நாளைக்கு இரண்டு மடங்காகப் பயன்படுத்த முடியாது, இன்றைக்குச் சும்மா விட்டது இன்றோடு போச்சு. அந்த ஆறு வருடத்தை நான் அரசுக்கு வராத பணமாக மட்டும் பார்க்கவில்லை, அந்த ஊர்களுக்குக் கிடைக்காத இணைப்பாகவும் பார்க்கிறேன்.

விலையைக் குறைக்க அரசு ஏன் தயங்கியது என்பதும் புரியாத விஷயம் இல்லை. 2008-ல் முதலில் வந்தவருக்கு முதலில் என்று, 2001-ல் நிர்ணயித்த கட்டணத்துக்கே கொடுத்த 122 மொபைல் சேவை உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் ரத்து செய்தது. அதற்குப் பிறகு குறைந்த விலை என்றாலே அதிகாரிகளுக்குப் பயம் வந்துவிட்டது. ஏலம் என்ற முறை சரிதான், 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அதையே பொது விதியாக வைத்து, பாதுகாப்பு, காவல்துறை, சில செயற்கைக்கோள் சேவைகள் போன்றவற்றுக்கு மட்டும் ஏலம் இல்லாமல் தரலாம் என்கிறது. ஆனால் ஏலத்தில் போட்டிதானே விலையை ஏற்ற வேண்டும், அடிப்படை விலையையே உச்சத்தில் வைத்துவிட்டு எதற்கு ஏலம்?

சரி, இதில் நமக்கு என்ன இடம்? இருக்கிறது, பலருக்குத் தெரியாது. விலையைப் பரிந்துரைக்கும் முன் டிராய் தன் இணையதளத்தில் ஒரு கலந்தாய்வு அறிக்கை போடும். எந்த அலைவரிசை, எவ்வளவு விலை, எத்தனை நாளில் எந்த ஊர்வரை சேவை கொண்டுபோக வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் அதில் கேள்விகளாக இருக்கும். பொதுவாக நான்கு வாரம் அவகாசம், யார் வேண்டுமானாலும் மின்னஞ்சலில் பதில் அனுப்பலாம். கம்பெனிகள் அனுப்பும் பதில்களையும் அதே தளத்தில் போடுவார்கள், அவற்றைப் படித்து மறுப்பு எழுத இன்னும் இரண்டு வாரம் அளவுக்குத் தருவார்கள். அதற்கப்புறம் பொதுவாக ஒரு திறந்த விவாதக் கூட்டமும் நடக்கும். எழுதும்போது சிக்னல் இல்லை என்று மொட்டையாக விடாமல் உங்கள் ஊர், பக்கத்து டவர் எவ்வளவு தூரம், வீட்டுக்குள் எந்தச் சேவை எடுக்கிறது என்று குறிப்பிட்டு, அறிக்கையில் இருக்கும் கேள்வி எண்ணைப் போட்டு அனுப்புங்கள். சேவை எந்த ஊர்வரை வர வேண்டும் என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதற்குக் கிராமத்திலிருந்து பதில் போக வேண்டும்.