ஹோலோடைப் என்பது மூலமாதிரி

புதிய உயிரினம் ஒன்றை அறிவிக்கும் ஆய்வுக் கட்டுரையில் ‘ஹோலோடைப்’ என்ற சொல் பெரும்பாலும் இருக்கும். ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, ‘இந்தப் பெயருக்கு உரிய உயிரி இதுதான்’ என்று ஆய்வாளர் சுட்டிக் காட்டும் ஒற்றை உடல் அது. பிற்காலத்தில் இரண்டு இனங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டால், அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த உடலோடு ஒப்பிட்டுத்தான் வழக்கைத் தீர்ப்பார்கள். நிலத் தகராறில் மூலப்பத்திரத்தை எடுத்துப் பார்ப்பது போலத்தான்.

கிரேக்கத்தில் ‘ஹோலோஸ்’ என்றால் முழுமை. ‘டைப்போஸ்’ என்றால் அடி, அடித்ததால் பதியும் தடம், அச்சு. நம் ‘தட்டச்சு’ என்ற சொல்லில் இந்தத் தட்டலும் அச்சும் இரண்டுமே அமைந்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

தமிழில் ‘வகைமாதிரி’ என்று எழுதுகிறார்கள். அது கொஞ்சம் தவறான எண்ணத்தைத் தருகிறது. தன் இனத்துக்கே சிறந்த எடுத்துக்காட்டு என்று வாசகர் நினைத்துக்கொள்வார். ஹோலோடைப் அப்படி இருக்கவேண்டியதில்லை. குட்டியாக இருக்கலாம், கிழிந்துபோயும் இருக்கலாம். ‘முதல் மாதிரி’ என்பதும் சரிவராது, முதலில் கண்ணில் பட்டதுதான் ஹோலோடைப் ஆகவேண்டும் என்று விதி இல்லை. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா ஆழத்தில் வாழும் அட்டோலா ரேனால்ட்சி என்ற செஞ்சொறியை (சிவப்பு ஜெல்லிமீனை) 2006இலேயே பார்த்துவிட்டார்கள். மற்ற அட்டோலாக்கள் பலவற்றுக்கு உள்ள ஒற்றை நீள உணர்விழை இதற்கு இல்லை. உடல்களைச் சேகரித்து, மரபணுவையும் சோதித்து, பெயர் சூட்ட 2022 ஆகிவிட்டது. ஆகவே ‘மூலமாதிரி’ என்பதே பொருத்தம் என்பேன்.

ஆழ்கடல் சொறிகளில்தான் இந்தச் சொல்லுக்குப் பெரிய சோதனை. வலையில் பட்டாலே பிய்ந்துபோகும் உடல். பாடம் செய்து வைத்தால் நிறம் வெளுக்கும், உருவம் சுருங்கும். ஜெல்லிமீன் போலவே தோன்றும் சீப்புச்சொறிகள் இன்னும் மோசம், சில கரைந்தே போய்விடும். 2015இல் போர்ட்டோ ரிக்கோ அருகே சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில், அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா (NOAA)வினர் இயக்கிய ஆளில்லாக் கலம் ஒரு புதுச் சீப்புச்சொறியைப் படம் பிடித்தது. பிடித்துவரக் கருவி இல்லை. 2020இல் அந்தக் காணொளியை மட்டும் வைத்து ‘டுவோபிராக்கியம் ஸ்பார்க்சே’ என்று பெயர் சூட்டினார்கள். டுவோபிராக்கியம் என்றால் இரு கை. காணொளி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

விலங்கியல் பெயரிடல் விதி இதை ஏற்கிறது. படத்தைக் காட்டிப் பெயர் சூட்டினாலும், படத்தில் உள்ள விலங்கைத்தான் ஹோலோடைப்பாகக் கொள்ளும். அந்த உடல் கையில் இல்லாவிட்டாலும் பெயர் செல்லும். அருமையான விதி இது. இல்லையென்றால் ஆழ்கடலின் மெல்லுடல் உயிர்களில் பல பெயரில்லாமலே போகும்.

அப்புறம், கட்டுரையில் ஹோலோடைப்போடு சேர்த்துக் காட்டும் மற்ற உடல்களான ‘பாராடைப்’புகளைத் துணைமாதிரி எனலாம். ஹோலோடைப் அழிந்துபோய், பெயர்க் குழப்பம் தீரவேண்டும் என்பதற்காகப் பின்னாளில் நியமிக்கும் ‘நியோடைப்’புக்குப் புதுமூலமாதிரி.