படகில் நிற்பவரின் கால்கள்

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அது தொடங்குவதற்கு முந்தைய நாட்களில், மும்பை சயானில் இருக்கும் என் இயன்முறை சிகிச்சை அறைக்கு, சசூன் டாக்கிலும் பாவ்ச்சா தக்காவிலும் படகைக் கட்டிவிட்டு, ஊருக்கு ரயிலேறுமுன் ஒருமுறை காட்டிவிட்டுப் போகலாம் என்று தமிழ்த் தொழிலாளர்கள் வருவது வழக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்களே அதிகம். “நிண்ணு நிண்ணு காலு கடுக்குது டாக்டரே” என்றுதான் பேச்சு தொடங்கும். உட்காரச் சொன்னால்கூடச் சிலர் உட்கார மாட்டார்கள். இரண்டு பாதங்களையும் அகல வைத்து, அசையாத சிமென்ட் தரையிலும் தளம் ஆடுவதுபோலவே நிற்பார்கள்.

கடையில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கும் இவர்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் இரத்த அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். நடக்கத் தொடங்கினால், கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுவதால், அது 30-க்கு அருகில் இறங்கிவிடும். படகிலோ, நிற்பவர் சும்மா நிற்பதாகத் தோன்றினாலும், ஒவ்வோர் அலைக்கும் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் தம்மைச் சரிசெய்துகொண்டே இருக்கின்றன. அதனால் வீக்கத்தைவிடச் சதைக் களைப்பும் இடுப்பு வலியும்தான் படகுத் தொழிலாளர்களிடம் நான் அதிகம் காண்பது. ஆனால் சுக்கான் பிடிப்பவரின் நிலை வேறு. ஓரடி இடத்தில், முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு, எஞ்சின் அதிர்வு உள்ளங்கால் வழியாக ஏறிக்கொண்டிருக்க, மணிக்கணக்கில் நிற்கும் அவருக்கு, கடைக்காரரின் வீக்கமும் கடலோடியின் களைப்பும் சேர்ந்தே வருகின்றன.

நிற்கும் முறையை விளக்க மும்பைக்காரர்களுக்கு லோக்கல் ரயிலே போதும். வண்டி பக்கவாட்டில் ஆடும்போது பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நிற்கிறோம்; பிரேக் போடும்போது ஒரு காலை முன்னே வைக்கிறோம். படகு பக்கவாட்டில் உருளும்போதும் அதன் முன்பகுதியான அணியம் ஏறி இறங்கும்போதும் செய்ய வேண்டியது இதுவேதான். இரண்டிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். பூட்டிய முழங்கால், வரும் அதிர்ச்சியை அப்படியே இடுப்புக்கு அனுப்பிவிடும். சுக்கான் அருகில் ஒரு சாண் உயரக் கட்டையை ஆணியடித்து வைத்து, கால்மணிக்கு ஒருமுறை கால் மாற்றி அதன்மேல் பாதத்தை வைத்தால், இடுப்பின் வளைவு தளர்வதை அன்றே உணரலாம். காலடியில் ஓட்டைகள் உள்ள தடித்த ரப்பர் விரிப்புப் போட்டால் அதிர்வும் குறையும், தண்ணீரும் வடிந்துவிடும். மீன் பிரிக்கும் வேலையைத் தளத்தில் குனிந்து செய்வதைவிட, முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும் உயரத்தில் ஒரு பலகை கட்டிக்கொள்வது நல்லது. இடம் இல்லை என்பார்கள். பல படகுகளில் உண்மையிலேயே இல்லைதான்.

நான் அதிகம் வற்புறுத்துவது படகில் போடும் ரப்பர் காலணியான கம்பூட்டைப் பற்றி. சென்ற ஆண்டு வந்த ஒருவர் பூட்டைக் கழற்றியபோது, உள்ளங்கால் முழுவதும் வெந்த கிழங்கின் தோல்போல் வெளுத்துச் சுருங்கி, விரலிடுக்குகள் பிளந்திருந்தன. மூன்று நாட்களாகப் பூட்டுக்குள் தண்ணீர் நின்றதாகவும், கழற்றினால் மீண்டும் போட முடியாது என்பதால் அப்படியே படுத்ததாகவும் சொன்னார். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நாட்கள் ஊறினாலே தோல் இப்படி ஆகிவிடும். காய்ந்தால் சில நாட்களில் தேறும், ஆனால் அந்த நாட்களில் ஒவ்வோர் அடியும் கல்லில் நடப்பதுபோல் வலிக்கும். ஆகவே படுக்கும்போது பூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டைத் தனியே உருவிக் காயவைத்து, நல்ல தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கும் உலர்ந்த பிறகே மாற்றுக் காலுறை போட வேண்டும். ஒரு பயணத்துக்கு மூன்று நான்கு சோடிக் காலுறைகள் ஆடம்பரம் அல்ல. நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வோர் இரவும் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம். உணர்வு குறைந்த பாதத்தில் மீன்முள் குத்தியதுகூடத் தெரியாது.

“நரம்பு சுருட்டிக்கொண்டது” என்று நம்மவர்கள் சொல்வது உண்மையில் சிரைகள் புடைப்பதைத்தான். அதற்கான இறுக்கக் காலுறையைக் கடையில் அளவு பார்க்காமல் வாங்கி மாட்டிக்கொள்ளும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்தே அதை வாங்க வேண்டும். காலையில் கால் வீங்குமுன் போட வேண்டும். அதற்கும் முன்னே நான் கேட்கும் கேள்வி, பீடி பழக்கம் உண்டா என்பது. சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்று பீடி பிடிப்பவர் சொன்னால், அவருக்குத் தமனியில் அடைப்பு இருக்கலாம். அந்தக் காலில் இறுக்கக் காலுறை போடுவது தீங்காக முடியும். அப்படிப்பட்டவர்களை நான் சிகிச்சை எதுவும் தொடங்காமல் இரத்தநாள மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

வலி மாத்திரை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்த உடலில் தினமும் இரண்டு வேளை அதைப் போடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெறும் வயிற்றில் என்றால் இரைப்பைக்கும் கேடு. இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தால், பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கி அரை நிமிடம் பிடித்திருப்பதுதான் முதல் வைத்தியம். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடேறி, கெண்டைக்காலில் விடாமல் வலித்தால், எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும், தேய்த்தால் அது நகரலாம். மூச்சுத் திணறலும் சேர்ந்துகொண்டால் மீன் எவ்வளவு பட்டிருந்தாலும் படகைக் கரைக்குத் திருப்ப வேண்டும்.

சிகிச்சைக்கு வருபவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வந்துவிடுகிறார்கள். படகில் போடும் பூட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் முழங்காலைத் தொடுவேன்.