பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் ஊசி: உள்ளே என்ன நடக்கிறது?

அரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கை இன்னும் வரவில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் செத்த நரம்பு முளைத்துவிடும் என்கிறார்கள். சில லட்சம் ஆகுமாம். நிலத்தை விற்றுப் போடலாமா?"

விற்காதீர்கள். ஸ்டெம் செல் என்பது வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூலச் செல். ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை எல்லாம் சோதனைக் கட்டத்தில்தான் வைத்திருக்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல். சோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. கைக்கு இப்போது தேவை பிசியோதெரபி, கூடவே பிரஷர் மாத்திரையை விடாமல் போடுவது. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த இரண்டையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. கேட்டு வாங்குங்கள்.

ஆனால் அந்த ஊசிக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் பொய்யல்ல.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. மூளையின் ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக் கட்டி அடைத்தால் நடுப்பகுதி நிமிடங்களில் சாகிறது. அதைச் சுற்றி ஒரு பகுதி அரை உயிரோடு தவிக்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. அந்த நேரத்தில் 108-ஐ அழைக்காமல் புறா ரத்தம் பூசுவதையும் காத்து பட்டதாகச் சொல்லி மந்திரிப்பதையும் கேள்விப்படும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, அரை உயிரோடு தவிக்கும் அந்தப் பகுதிக்கு வருவோம். ஆக்சிஜன் குறைந்ததை உணரும் ஹிஃப்-1 என்ற புரதம் அங்கே விழித்துக்கொள்கிறது. செல்கள் ஆக்சிஜனை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2019 மருத்துவ நோபல் கிடைத்தது. ஹிஃப் விழித்தால் விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதம் சுரக்கும், குழாயின் உட்சுவர் செல்கள் கிளைவிடத் தொடங்கும். புதுக் குழாய் வந்தால் தவிக்கும் நரம்பு செல்களுக்குத் தீனி கிடைக்கும். இந்த வேலையைத் தூண்டிவிட வெளியிலிருந்து செல்களைச் செலுத்தலாமே என்பதுதான் யோசனை. குழாய்ச் சுவராக மாறக்கூடிய முன்னோடி செல்கள் ரத்தத்திலேயே சுற்றுகின்றன என்று 1997-ல் ஒரு ஆய்வு சொன்னதும், ஊசியில் போகும் செல்கள் நேரே போய்ச் சுவராகிவிடும் என்று பலர் நம்பினார்கள்.

பக்கவாதம் வந்த சுண்டெலிகளுக்கு, ஸ்டெம் செல்களும் கலந்திருக்கும் எலும்பு மஜ்ஜை செல்களைச் செலுத்திய ஜப்பானின் கோபே நகர ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டது வேறு கதை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். செலுத்திய செல் குழாய்க்குள் மிதந்து வந்து உட்சுவர் செல்லின்மேல் ஒட்டுகிறது. இரண்டும் தொடும் இடத்தில் கேப் ஜங்ஷன் என்ற நுண்துளை அமைகிறது. கனெக்சின் என்ற புரதம் இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, வட்டமாகக் கூடி வாயோடு வாய் வைத்துப் பொருந்தினால் ஒரு குழல் தயார். சுமார் 1,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அளவை) எடைக்குள் இருக்கும் மூலக்கூறு மட்டுமே அதில் நுழையும். விஇஜிஎஃப் போன்ற புரதம் அதைவிடப் பல மடங்கு பெரிது, நுழையாது. குளுக்கோஸ் வெறும் 180. தாராளமாகப் போகும்.

அப்படியே போகிறது. வந்த செல்லில் குளுக்கோஸ் அதிகம், பட்டினி கிடக்கும் சுவர் செல்லில் குறைவு. பள்ளியில் படித்த பரவல்தான், வேறு விசை எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்குச் சுவருக்கு மேலே ஒரு டம்ளர் சர்க்கரை நீட்டுவது போல. சர்க்கரை கிடைத்ததும் சுவர் செல்லில் ஹிஃப் கூடுகிறது, தன்னையே தின்று பிழைக்கும் வேலை அடங்குகிறது, அக்கம்பக்கத்தில் இருக்கும் விஇஜிஎஃப்பை அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் இந்தப் பலன் போய்விடுகிறது. வந்த செல் சுவராக மாற வேண்டியதே இல்லை.

சர்க்கரைதானே, குளுக்கோஸ் டிரிப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பக்கவாதத்தின்போது ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பாதிப்பு கூடும் என்பது தெரிந்த விஷயம். செல்லிலிருந்து செல்லுக்கு நேராகக் கைமாறுவது வேறு.

எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்க வேண்டுமே. இந்தியாவில் ஐந்து மருத்துவமனைகளில் 120 நோயாளிகளை வைத்து, அவரவர் மஜ்ஜை செல்களையே செலுத்திப் பார்த்த சோதனையின் முடிவு 2014-ல் வந்தது. ஆபத்தில்லை, ஆனால் பலனும் தெரியவில்லை. ஊசி போட்டவர்களில் பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்து 18 நாளுக்கு மேல் ஆகியிருந்தது. எலிகளுக்கோ பெரும்பாலும் இரண்டு நாளிலேயே போட்டுவிடுகிறார்கள். தாமதம்தான் காரணமா? ஜப்பானில் வேறொரு வகை செல்லை 18 முதல் 36 மணி நேரத்துக்குள் செலுத்தினார்கள், 206 நோயாளிகள். 2024-ல் வந்த அந்த முடிவும் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. ஆக நேரம் மட்டும் அல்ல, எந்தச் செல், அதில் எவ்வளவு சர்க்கரை, துளை அமைக்கும் திறன் எவ்வளவு என்றெல்லாம் பார்த்தாக வேண்டும்.

'பலன் இல்லை' என்று முடிந்த ஆய்வைப் பண விரயம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இன்று ஒரு வியாபாரி லட்சங்களைக் கேட்கும்போது எடுத்துக் காட்ட நம் கையில் இருப்பது அந்த 120 பேரின் முடிவு. இப்படிப்பட்ட சோதனைகளுக்கு அரசு இன்னும் காசு கொடுக்க வேண்டும், அதுவும் தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்ட அரசு மருத்துவமனைகளையும் சேர்த்து.