தரைப் பலகையோடு விளிம்புத் துண்டுகளையும் சேர்த்தே வாங்குங்கள்

சென்ற வாரம் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். மேல்மாடி முழுவதும் முக்கால் அங்குலத் தடிப்புள்ள ரெட் ஓக் மரப் பலகை சீராகப் பதிக்கப்பட்டிருந்தது. ஆனால் படிக்கட்டு தொடங்கும் இடத்தில் பலகையின் வெட்டுவாய் மூடப்படாமல் கிடக்க, அதன்மேல் பெட்டி அட்டையை மடித்து ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் ஆறு வாரமாக அந்த அட்டையில் கால் வைத்துத்தான் ஏறி இறங்கியிருக்கிறார். படி விளிம்பை மூடும் துண்டான ஸ்டெயர் நோஸ் எங்கே என்று கேட்டேன். "பிறகு வாங்கலாம் என்று விட்டோம், இப்போது அந்த நிறம் வருவதில்லையாம்" என்றார் வீட்டுக்காரர். இதே பதிலை இந்த ஆண்டில் நான்காவது முறையாகக் கேட்டுவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

தரையைச் சதுர அடியில் கணக்கிடுகிறோம். ஸ்டெயர் நோஸ் போன்ற விளிம்புத் துண்டுகளுக்கோ நீளத்தை அளக்க வேண்டும். அறைகளின் சதுர அடியைச் சொன்னதும் கடையில் பலகைப் பெட்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறார்கள், படி விளிம்பையும் வாசல் இணைப்பையும் பற்றி யாரும் கேட்பதில்லை. இத்துண்டுகள் பெரும்பாலும் 78 அங்குல நீளத்தில் வருவதால், பத்தடி மேல்மாடி விளிம்புக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைச் சலிப்படையச் செய்வது, பெயர் ஒன்றென்றால் நிறமும் ஒன்று என்ற நம்பிக்கை. 'கன்ஸ்டாக்' என்பது தனியொரு நிறுவனத்தின் நிறமன்று; பல நிறுவனங்கள் தத்தம் செம்பழுப்புச் சாயத்துக்கு வைத்திருக்கும் பெயர். ஒன்றில் சிவப்பு தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் மஞ்சள் தெரியும். ஒரே டப்பாவின் சாயத்தைப் பூசினாலும், ஓக்கின் திறந்த துளைகள் அதைக் குடித்துக் கோடு கோடாகக் கருக்கும். மேப்பிளில் அது திட்டுத் திட்டாக நிற்கும். மரமும் நிறுவனமும் ஒன்றேயானாலும், விளிம்புத் துண்டுகள் பல நேரங்களில் வேறொரு பட்டறையில், வேறொரு நாளில் சாயமேற்றப்பட்டவை. மேட் பூச்சுள்ள தரைக்குப் பக்கத்தில் பளபளக்கும் துண்டை வைத்தால், நிறம் ஒத்திருந்தும் வேறாகவே தெரியும். போதாக்குறைக்கு, வெளிச்சம் பட்டு மரமும் மாறிக்கொண்டே இருக்கும். செரி கருக்கும், வால்நட் வெளுக்கும். ஆகவே கைபேசிப் படத்தைக் காட்டி நிறம் தேடாதீர்கள். பலகைத் துண்டையே கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். வீட்டு விளக்கிலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

நிறத்தைவிடத் தடிப்பு முக்கியம். முக்கால் அங்குலப் பலகையோடு அரை அங்குல ஸ்டெயர் நோஸைச் சேர்த்தால், கால் தடுக்கும் இடத்தில் கால் அங்குலப் பள்ளம் விழும். உயரம் வேறுபடும் இரு தரைகளுக்கு நடுவே, ஒரு பக்கம் சரிந்து இறங்கும் ரிடியூசர் துண்டுதான் வேண்டும். ஒரே உயரத் தரைகளை இணைக்கும் டி-மோல்டிங்கை அங்கே அடித்தால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். சுவரோர இடைவெளியை மறைக்கும் குவார்ட்டர் ரவுண்டைச் சுவரடிப் பலகையான பேஸ்போர்ட்டில் அடியுங்கள், தரையில் அடிக்காதீர்கள். குளிர்கால ஹீட்டர் காற்றில் சுருங்கிக் கோடையில் விரியும் மரத்தைக் கட்டிப்போட முடியாது. பழைய பேஸ்போர்ட்டையே திரும்பப் பொருத்துவதானால், கழற்றும்போது பின்புறத்தில் பென்சிலால் எண்ணிட்டு, ஆணிகளையும் பின்புறமாகவே இழுத்தெடுங்கள். முன்பக்கப் பெயின்ட் உரியாது.

முதல் பலகை பதிக்கப்படும் முன் எல்லா விளிம்புத் துண்டுகளும் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கட்டும். ஒரு பெட்டியையாவது பிரிக்காமல் வைத்து, அதன் லேபிளைப் பத்திரப்படுத்துங்கள். முதியவர்கள் இருக்கும் வீட்டில், தயவுசெய்து, மேல்படியின் விளிம்பை ஒரு நாள்கூட மூடாமல் விட்டுவைக்காதீர்கள்.

அந்த ஸ்காபரோ வீட்டில், பூச்சில்லாத ரெட் ஓக் நோஸை வாங்கி, மிச்சப் பலகையோடு வைத்து மூன்று சாயக் கலவைகளைச் சோதித்தும் நிறம் சேரவில்லை. கிட்டத்தட்டப் பொருந்தும் நிறம் பிழைபோலவே தெரியும் என்பதால், வேண்டுமென்றே தரையைவிட இரு மடங்கு தூக்கலாகத் தெரியும் அடர்நிறத்தைத் துண்டில் பூசி, பசையும் ஆணியும் சேர்த்து இறுக்கினேன். மாலை வெளிச்சத்திலும் அந்த அம்மாவுக்குப் படியின் ஓரம் இப்போது தெளிவாகத் தெரிகிறது.