தகுதியேற்பு: சொல்லின் பொருளும் அதைத் தக்கவைக்கும் முறையும்

ஓர் ஆய்வகத்தின் அளவீடு சரியாக இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து சோதித்துச் சொல்லும் நிறுவனத்தைத் துறைக்குள் ‘பி.டி. புரொவைடர்’, அதாவது திறனறி சோதனை வழங்குபவர், என்கிறோம். அந்த நிறுவனத்தின் திறனைப் பிறிதோர் அமைப்பு ஆராய்ந்து உறுதிசெய்வது ‘அக்ரெடிடேஷன்’. இதற்குத் தமிழில் அங்கீகாரம், தரச்சான்று, ஒப்புதல் என்னும் சொற்கள் மாறி மாறி எழுதப்படுகின்றன. புதிதாக ஒரு நிறுவனம் இதைப் பெற்ற செய்தியை எழுதும்போது இவற்றுள் எதுவும் பழுதாகத் தோன்றாது. பெற்றதை எவ்வாறு காப்பது, குறித்த கால இடைவெளியில் வரும் மதிப்பீடுகளில் என்ன கேட்கப்படுகிறது, எந்நிலையில் அது பறிபோகும் என்று எழுதத் தொடங்கும்போதுதான் இவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆகவே ‘தகுதியேற்பு’ என்ற சொல்லை இங்கே முன்வைக்கிறேன்.

ஆங்கிலச் சொல்லின் வேர், இலத்தீனில் ‘நம்புதல்’ எனப் பொருள்படும் ‘கிரெதெரே’ என்னும் வினை. கடன் என்ற பொருளில் வழங்கும் ‘கிரெடிட்’டும் அவ்வேரில் பிறந்ததே. பிரெஞ்சு வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், ஒருவர் நம்பத்தக்கவர் என்று இன்னொருவர் பொறுப்பேற்று மூன்றாமவருக்குச் சொல்வதைக் குறித்தது. ஓர் அரசு தன் தூதரை நம்பிக்கைச் சான்றுடன் வேறோர் அரசிடம் அனுப்பும் வழக்கில் அப்பொருள் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆய்வகத் துறையிலும் இதே மூவர் உண்டு: ஆராய்ந்து சொல்லும் அமைப்பு, ஆராயப்படும் நிறுவனம், அந்தச் சொல்லை நம்பிச் செயல்படும் ஆய்வகங்கள்.

ஒரு பொருளோ நிறுவனமோ வகுத்த தேவைகளுக்கு இணங்குகிறதா என்று பார்ப்பது ‘இணக்க மதிப்பீடு’; அதன் சொற்களை வரையறுக்கும் ஐஎஸ்ஓ/ஐஇசி 17000 என்னும் பன்னாட்டுச் செந்தரத்தின் (தரநிலையின்) 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு, இதை மூன்றாந்தரப்பு அளிக்கும் உறுதிமொழியாக விளக்குகிறது. குறிப்பிட்ட பணிகளைச் செய்வதில் ஒரு நிறுவனத்துக்குள்ள திறமை, நடுநிலை, மாறாத செயற்பாடு ஆகிய மூன்றும் முறைப்படி மெய்ப்பிக்கப்பட்டுள்ளன என்பதே அந்த உறுதிமொழியின் உள்ளடக்கம். மூன்றாவதாக வரும் ‘மாறாத செயற்பாடு’ காலம் சார்ந்தது என்பதால், ஒருநாள் வந்து பார்த்துவிட்டு அதை என்றென்றைக்குமாக உறுதிசெய்ய முடியாது.

தமிழ்ச் சொற்களை இந்த அளவுகோலால் பார்க்கலாம். ‘தரச்சான்று’ என்பது பொருளுக்கோ மேலாண்மை முறைக்கோ அளிக்கப்படும் ‘சர்டிஃபிகேஷன்’ என்பதற்கு ஏற்கெனவே பொருந்திவிட்டது. அத்தகைய சான்றளிக்கும் நிறுவனங்களே தனியாக அக்ரெடிடேஷன் பெற வேண்டியவை என்பதால், இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் யார் யாரை ஆராய்கிறார் என்பதே மறைந்துவிடும். ‘ஒப்புதல்’ அனுமதியைக் குறிக்கும். இங்கே எவரும் எவருக்கும் அனுமதி தருவதில்லை.

‘அங்கீகாரம்’ எல்லோருக்கும் பழகிய சொல். ஆனால் அதற்கு இத்துறையில் வேறொரு வேலை இருக்கிறது. 1977-இல் ஒரு மாநாடாகத் தொடங்கிய, அக்ரெடிடேஷன் அமைப்புகளின் ‘ஐலாக்’ என்னும் பன்னாட்டுக் கூட்டுறவின் கீழ், ஒரு நாட்டின் அமைப்பு செய்த முடிவைப் பிற நாட்டு அமைப்புகளும் ஏற்றுக்கொள்வதற்கான பரஸ்பர அங்கீகார உடன்பாடு 2000-ஆம் ஆண்டு நவம்பரில் கையெழுத்தானது. திறனறி சோதனை வழங்குவோரும் 2019-இல் அதன் வரம்புக்குள் வந்தனர். அக்ரெடிடேஷனையும் அங்கீகாரம் என்றே எழுதினால், இந்த உடன்பாட்டை ‘அங்கீகாரங்களின் அங்கீகாரம்’ என்று சொல்ல நேரும். எனவே அங்கீகாரத்தை அதன் இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

‘தகுதியேற்பு’ என்பதில் ‘ஏற்பு’ என்னும் பகுதி, பிறர் ஆராய்ந்து ஏற்றுக்கொள்வதைக் காட்டுகிறது; பொருத்தமான என்ற பொருள் தரும் ‘ஏற்ற’ என்பதும் இதே வினையடியில் பிறந்தது. ‘தகுதி’ என்பதை இன்று பெரும்பாலும் திறமைக்கே வழங்குகிறோம். பழைய வழக்கில் அது நடுநிலையையும் குறித்தது: திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் முதற்குறள் அந்தப் பண்பைத் ‘தகுதி’ என்றே சொல்கிறது. திறமையும் நடுநிலையும் ஒரே சொல்லுக்குள் அமைவது, செந்தரத்தின் வரையறைக்கு இவ்வளவு நெருக்கமாக வருவது, இச்சொல்லை நான் விரும்புவதற்கு முதற்காரணம்.

‘புரொஃபிஷியன்சி டெஸ்டிங்’ என்பதற்குத் ‘திறனறி சோதனை’ போதும். ‘திறனாய்வு’ இலக்கிய விமரிசனத்துக்கு உரியதாகிவிட்டது. ஒரே பொருளைப் பகுத்துப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவை தரும் முடிவுகளை ஒப்பிடுவதே இச்சோதனையின் அடிப்படை. 1947-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெல்க், சண்டர்மன் ஆகிய இருவர் ஒரே கரைசல்களைப் பல மருத்துவமனை ஆய்வகங்களுக்கு அனுப்பியபோது, திரும்பி வந்த முடிவுகள் பெரிதும் சிதறிக் கிடந்தன. இன்று ஓர் ஆய்வகத்தின் முடிவுக்கும் சோதனை வழங்குபவர் சரியெனக் கொண்டு நிர்ணயித்த மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை, அச்சோதனைக்கு வகுத்த திட்டவிலக்கத்தால் (முடிவுகளின் சிதறலைக் காட்டும் அளவால்) வகுத்து ‘இசட்’ மதிப்பெண் கணக்கிடுகிறார்கள். அது 2-க்குள் இருந்தால் நிறைவு, 2-க்கும் 3-க்கும் இடையில் எச்சரிக்கை, 3-ஐ எட்டினால் நடவடிக்கை தேவை.

இந்தச் சோதனையை வழங்குபவரின் தகுதிக்கான செந்தரம் ஐஎஸ்ஓ/ஐஇசி 17043. அது 1997-ஆம் ஆண்டு வழிகாட்டியின் இடத்தில் 2010-இல் வெளிவந்தது. 2023-இல் திருத்தப்பட்டபோது, ‘வழங்குவோரின் திறமை’ என்பது அதன் தலைப்பிலேயே சேர்க்கப்பட்டது.

இனி ‘ஆடிட்’. இலத்தீனில் ‘கேட்டல்’ என்று பொருள். கணக்கை வாய்விட்டுப் படிக்கக் கேட்டுச் சரிபார்த்த காலத்தின் சொல். தமிழில் வழங்கும் ‘தணிக்கை’ உருது வழியாக வந்தது. இலங்கைத் தமிழில் ‘கணக்காய்வு’ என்பார்கள். நடைமுறையில், நிறுவனம் தன்னைத் தானே சரிபார்ப்பதற்கு மட்டும் ‘அகத்தணிக்கை’ என்று எழுதி, வெளி அமைப்பு செய்வதை ‘மதிப்பீடு’ என்று பிரித்துச் சொல்வதே முறை. செந்தரங்களும் இவ்வாறே பிரிக்கின்றன. பேச்சில் இரண்டும் ‘ஆடிட்’ ஆகிவிடுவதால், அகத்தணிக்கையை வெளி மதிப்பீட்டுக்கான ஒத்திகை போல முந்தின வாரத்தில் நடத்திமுடிக்கும் பழக்கம் பரவுகிறது. அது தவறானது. தன் குறையைத் தானே கண்டறியும் நிறுவனமா என்பதும் மதிப்பீட்டில் கேட்கப்படும் கேள்விதான்.

தகுதியேற்பு அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17011 செந்தரத்தின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஒரு தகுதியேற்புச் சுழற்சி 5 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. அடுத்தடுத்த நேரடி மதிப்பீடுகளுக்கிடையே 2 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. இடையில் நடப்பதைக் ‘கண்காணிப்பு மதிப்பீடு’ என்றும், சுழற்சியின் முடிவில் தகுதியேற்பு பெற்ற சோதனைத் திட்டங்களின் முழு வரம்பையும் பார்ப்பதை ‘மறுமதிப்பீடு’ என்றும் சொல்லலாம்.

மதிப்பீட்டாளர் வரும் நாளில் ஒரு சோதனைச் சுற்று முழுவதும் அவர் கண்முன் நடந்துவிடாது. மாதிரி தயாரிப்பது முதல் இறுதி அறிக்கை வரை பல வாரங்கள் செல்லும். ஆகவே முடிந்துபோன சுற்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் திட்ட வடிவமைப்பிலிருந்து அறிக்கை வரை ஒவ்வொரு தாளாகப் பின்தொடர்வது வழக்கம். மாதிரிகள் ஒருபடித்தானவையா? இச்சோதனைக்கான புள்ளியியல் முறைகளைச் சொல்லும் ஐஎஸ்ஓ 13528 காட்டும் முறைப்படி, பொதுவாகக் குறைந்தது 10 மாதிரிகளைச் சமவாய்ப்பு முறையில் எடுத்து, ஒவ்வொன்றையும் இருமுறை அளந்து, மாதிரிகளுக்கிடையிலான திட்டவிலக்கம் திறன் மதிப்பீட்டுக்கு வகுத்த திட்டவிலக்கத்தின் 0.3 மடங்குக்குள் இருப்பதைக் காட்ட வேண்டும். மாதிரிகள் பயணத்தில் கெடாமல் நிலைத்திருந்ததற்கும் சான்று வேண்டும். நிர்ணயித்த மதிப்பு எங்கிருந்து வந்தது, அதன் நிச்சயமின்மை எவ்வளவு, பங்கேற்ற ஆய்வகங்கள் தமக்குள் முடிவுகளைப் பகிர்ந்துகொள்ளாமல் தடுக்க என்ன செய்யப்பட்டது, யாருடைய முடிவு எது என்பது மறைவாகக் காக்கப்பட்டதா என்று கேள்விகள் தொடரும். சில பணிகளை வெளியாருக்கு ஒப்படைக்கலாம். ஆனால் திட்டமிடல், செயல்திறன் மதிப்பிடல், இறுதி அறிக்கைக்கு ஒப்பமளித்தல் ஆகியவற்றை ஒப்படைக்க முடியாது.

இவ்வளவு கண்டிப்புக்குத் தக்க காரணம் இருக்கிறது. ஓர் ஆய்வகம் தவறினால் அதன் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்படுவார்கள். சோதனை வழங்குபவர் நிர்ணயித்த மதிப்பே தவறாக இருந்தால், சரியாக அளந்த ஆய்வகங்கள் தவறியவையாகக் காட்டப்படும். அவை இல்லாத பிழையைத் தேடி, நன்றாக இருந்த முறையை மாற்றி, உண்மையான பிழைக்குள் விழும். இரண்டு மதிப்பீடுகளுக்கு இடைப்பட்ட காலத்தில்தான் இந்த ஆபத்து நுழைகிறது: புள்ளியியல் தெரிந்த பணியாளர் விலகியிருப்பார், பங்கேற்போர் எண்ணிக்கை குறைந்து அவர்களின் முடிவுகளிலிருந்து பெற்ற மதிப்பு நம்பத்தகாததாகியிருக்கும், புதிய வகை மாதிரி பழைய நெறிமுறையிலேயே தயாரிக்கப்பட்டிருக்கும். இவற்றை மதிப்பீட்டாளர் கண்டுசொல்லும் வரை காத்திராமல், பணியாளர் மாறிய அன்றே பதிவுசெய்து தகுதியேற்பு அமைப்புக்குத் தெரிவிப்பதுதான் ‘தக்கவைத்தல்’ என்ற சொல்லின் உண்மையான பொருள் என்று நினைக்கிறேன்.

மதிப்பீட்டில் காணும் குறையை ‘இணங்காமை’ என்று குறிக்கலாம். அதற்கு மூலகாரணம் கண்டு, குறித்த காலத்துக்குள் திருத்த நடவடிக்கை எடுத்து, அது பயன் தந்ததற்கான சான்றையும் வழங்குபவர் அளிக்க வேண்டும். அளிக்கத் தவறினால் மூன்று விளைவுகள் உண்டு. மூன்றுக்கும் தனிச்சொற்கள் தேவை. ஒரு திட்டம் மட்டும் பட்டியலிலிருந்து நீக்கப்படுவது ‘வரம்புக் குறைப்பு’. குறை தீரும்வரை தற்காலிகமாகத் தடுப்பது ‘நிறுத்திவைப்பு’. அக்காலத்தில் தகுதியேற்பு முத்திரையை அந்த வரம்புக்குட்பட்ட அறிக்கைகளில் பொறிக்க முடியாது. முற்றாக எடுத்துக்கொள்வது ‘விலக்கிக்கொள்ளல்’. நாளிதழ்களில் இம்மூன்றையும் ‘ரத்து’ என்ற ஒரே சொல்லால் எழுதுவதால், ஒரு திட்டத்தை மட்டும் இழந்த நிறுவனமும் அனைத்தையும் இழந்ததாக வாசகர் எண்ண நேர்கிறது.