சூடானால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பிக்கப்: கோளாறு எங்கே இருக்கிறது?

பெங்களூரா மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் வாசலில் பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பத்தடி நகர்த்துவது, அணைப்பது, மறுபடி சாவி போடுவது என்று பாதி நாள் போய்விடும். விடியற்காலையில் தோப்பில் முதல் சாவிக்கே பிடித்த வண்டி, மதியம் அதே வரிசையில் செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரியைத் தீர்க்கும். லோடை இறக்கிவிட்டு மாலையில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் உடனே பிடித்துக்கொள்ளும். இந்தக் கோளாறைச் சூடு இருக்கும்போதே சோதிக்க வேண்டும். ஆறிய வண்டியில் எந்த மீட்டரை வைத்தாலும் பெரும்பாலும் எல்லாம் சரி என்றுதான் காட்டும்.

ஓடும்போது ஃபேன் காற்றும் ரேடியேட்டர் தண்ணீரும் சூட்டை வெளியே கொண்டுபோகின்றன. அணைத்ததும் இரண்டும் நின்றுவிடும். நன்றாகச் சூடேறிய இன்ஜின் இரும்பிலிருந்து சூடு மெல்லப் பரவி, அடுத்த 10 முதல் 20 நிமிடத்தில் செல்ஃப் மோட்டார், டீசல் பம்ப், சென்சார் எல்லாவற்றையும் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சுடவைக்கிறது. தொப்பூர் கணவாயை லோடோடு ஏறி வந்து டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்தினால் பிடிக்காத வண்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பிடிப்பது இதனால்தான்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். செல்ஃப் இழுவையாக, திணறிச் சுற்றுகிறதா? மின்சாரப் பக்கம் பாருங்கள். காலையில் சுற்றும் அதே வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லையா? டீசல் அல்லது சென்சார். இதைப் பிரிக்காமல் பாகம் மாற்றத் தொடங்கினால் பணம்தான் போகும். டீசல் எரியும் அறையைச் சூடாக்கும் கிளோ பிளக்கை இந்தக் கோளாறுக்காக மாற்றவே வேண்டாம். அதன் வேலை குளிர்ந்த இன்ஜினுக்கு.

திணறிச் சுற்றினால் மல்டிமீட்டரை எடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்தது எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் இணைப்பு. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரிலோ அதன் போல்ட்டிலோ துரு இருக்கிறது. செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கும்போது, வெறும் 5 மில்லி ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் காணாமல் போகும். காலையில் அந்த இழப்பை வண்டி தாங்கிக்கொள்கிறது. மதியம் தாங்காது: செம்பின் தடை 10 டிகிரிக்கு ஏறக்குறைய 4 சதவீதம் கூடும், செல்ஃபின் செம்புச் சுருள் காலையைவிட 60 டிகிரி கூடுதலாகச் சுட்டால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். பாசிட்டிவ் பக்கம் பேட்டரியிலிருந்து செல்ஃப் போல்ட் வரை 0.5 வோல்ட் வரை இழப்பு இருக்கலாம். இரண்டு வயரும் சரியாக இருந்தும் திணறினால் செல்ஃபைக் கழற்றி, கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டியில்தான் விஷயம் ஆழமானது. காமன் ரெயில் டீசலில், பம்ப் ஏற்றும் டீசல் ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக் குழாயில் சேர்ந்து, அங்கிருந்து டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும்; ரெயிலுக்குள் அழுத்தம் ஓர் அளவை எட்டும்வரை இன்ஜெக்டரைத் திறக்க ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அனுமதிக்காது. பல வண்டிகளில் அது 200 பார் அளவில் இருக்கும். இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி ஓரிரு மைக்ரான்தான். அந்த இடுக்கில் கசியும் டீசல், இடைவெளியின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும்: 2 மைக்ரான் 4 ஆகத் தேய்ந்தால் கசிவு 8 மடங்கு. அதோடு சூடும் சேர்கிறது. 40 டிகிரியில் இருந்த டீசல் 80-க்குப் போனால் ஏறக்குறைய பாதி அளவுக்கு நீர்த்துவிடும். பம்ப் ஏற்றுவதெல்லாம் ரிட்டர்ன் குழாயில் ஓடிவிடும். ரெயிலில் அழுத்தம் நிற்காது. டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் இது இன்னும் மோசமாகும். சுட்டுத் திரும்பும் டீசலை ஆற்ற உள்ளே போதிய டீசல் இருக்காது. பாதி டேங்க் வைத்து ஓட்டிப் பார்த்தால் சில வண்டிகளில் வித்தியாசம் தெரியும்.

சோதனை எளிது. சோலனாய்டு (மின்காந்தத்தால் திறக்கும்) வகை இன்ஜெக்டர்களாக இருந்தால், வண்டி சூடாக இருக்கும்போது ரிட்டர்ன் ஹோஸ்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் தெளிந்த டியூப் மாட்டி ஒரே அளவுள்ள தனித்தனி பாட்டில்களில் விடுங்கள். வண்டிப் பக்கத்து ரிட்டர்ன் வாயை அடைத்துவிட்டு, ஐடிலில் 2 நிமிடம் ஓட்டுங்கள். எல்லா பாட்டிலும் ஏறக்குறைய சமமாக நிறைய வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல இரண்டு, மூன்று மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர்தான். எல்லாம் சமமாகவும் குறைவாகவும் இருந்தும், ஈசியூவைப் படிக்கும் ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் ஏறவில்லையென்றால் ஃபில்டர், உறிஞ்சு குழாயில் காற்று, ரெயில் வால்வு, கடைசியாகப் பம்ப் என்ற வரிசையில் போங்கள். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: பழைய பம்ப் வண்டிகளில் காற்று எடுப்பதுபோல, இன்ஜின் ஓடும்போது ஹைபிரஷர் பைப் நட்டைத் தளர்த்துவது. 1000 பாருக்கு மேல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே இழக்க நேரலாம்.

இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரில் கோளாறு இருந்தால், அதைப் பிடிப்பது இதைவிடச் சுலபம். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். காலையில் சிறிது துள்ளும் முள், சூட்டில் அசையவே இல்லையென்றால் சந்தேகம் அங்கேதான். ஈரத்துணியைச் சென்சார் மேல் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள்; பிடித்துக்கொண்டால் சென்சாரை மாற்றலாம். துணிதான் வைக்க வேண்டும், சூடான பிளாக் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடலாம். மாற்றுமுன் அதன் காந்த முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா, கனெக்டரில் ஆயில் இறங்கியிருக்கிறதா என்று ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.

இன்ஜெக்டர் மாற்றினால் செம்பு வாஷரும் புதிதாகவே போட வேண்டும். புது இன்ஜெக்டரின் தலையில் பொறித்த எண்ணை ஸ்கேனரில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி, 15 நிமிடம் நிறுத்தி, சாவி போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் பிடித்தால்தான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.